திரும்ப எடுக்கும் கை: ஆன்லைன் கேம் கடைகளும் விலைப் பிழையும்

2014 டிசம்பர். ஒடிசாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், அமேசான் இந்தியத் தளத்தில் 23,499 ரூபாய் லேப்டாப் ஒன்று 190 ரூபாய் என்று போட்டிருப்பதைப் பார்த்தார். ஆர்டர் போட்டார்; உறுதியானது என்ற தகவலும் வந்தது. இரண்டு மணி நேரத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து அழைப்பு. விலையில் ஏதோ சிக்கலாம், ஆர்டர் ரத்தாம். படிப்பு வேலைக்கு லேப்டாப் அவசரம் என்பதால் 22,899 ரூபாய்க்கு இன்னொன்று வாங்கிக்கொண்டு அவர் நுகர்வோர் மன்றத்தின் படியேறினார். மாவட்ட மன்றம் 10,000 ரூபாய் இழப்பீடும் 2,000 ரூபாய் வழக்குச் செலவும் தரச் சொன்னது. 2021 ஜனவரியில் ஒடிசா மாநில ஆணையம் தொகையை உயர்த்தியது: மன உளைச்சலுக்கு 30,000, தண்டத் தொகையாக 10,000, வழக்குச் செலவுக்கு 5,000. விளம்பரம் வந்தது, ஆர்டர் போனது, கடை உறுதிசெய்தது. அத்துடன் ஒப்பந்தம் முழுமையாகிவிட்டது என்பது ஆணையத்தின் பார்வை.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2003 ஜனவரியில், சிங்கப்பூரின் டிஜிலாண்ட்மால் என்ற ஆன்லைன் கடையில் இதே கதை நடந்தது. 3,854 சிங்கப்பூர் டாலர் மதிப்புள்ள எச்பி லேசர் பிரிண்டருக்கு 66 டாலர் என்று விலை ஏறிவிட்டது. ஊழியர் பயிற்சியின்போது தவறுதலாக உள்ளே போன எண் அது. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் நண்பர்கள் ஆறு பேர் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லி 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். கணினி தன்பாட்டுக்கு ஒவ்வோர் ஆர்டரையும் உறுதிசெய்து மின்னஞ்சல் அனுப்பியது. கடை தர மறுத்தது. 2004இல் உயர் நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கடையின் பக்கமே நின்றன. அந்த ஆறு பேருக்கும் விலை தவறு என்று தெரியும், தெரிந்தே அள்ளப் பார்த்தார்கள் என்பதுதான் காரணம்.

ஒரே வகைப் பிழை, எதிரெதிர் முடிவு. ஆனாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரிகிறது. ஒருவர் தன் உபயோகத்துக்கு ஒரு லேப்டாப் கேட்டார். மற்றவர்கள் விற்று லாபம் பார்க்க நூற்றுக்கணக்கில் கேட்டார்கள். வாங்குபவர் மனத்தில் என்ன இருந்தது, எத்தனை கேட்டார், எதற்குக் கேட்டார் என்று பார்த்தால் அந்தக் கோடு விளங்குகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு வழக்கிலும் சரக்கு கடையை விட்டு நகரவே இல்லை. தர வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் சண்டை. கேம் விற்கும் ஆன்லைன் கடையில் நிலைமை தலைகீழ். பணம் கட்டிய அடுத்த நொடி சரக்கு கைக்கு வந்துவிடுகிறது. அங்கே கேள்வி, கொடுத்ததை எடுக்கலாமா என்பது.

பருத்திப்பட்டில் ஓர் இரவு

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் இருக்கிறது பருத்திப்பட்டு. ஏரியைத் தூர்வாரி, கரையை ஒட்டி அமைத்த பூங்கா 2019இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆவடி மாநகராட்சி ஆனது. ஏரியைச் சுற்றி எழுந்திருக்கும் அடுக்ககங்களில் ஒன்றில் கல்லூரி மாணவி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரவு 11 மணிக்கு, 2,999 ரூபாய் கேம் ஒன்று 29.99 ரூபாய் என்று கிடப்பதைப் பார்க்கிறாள். ஏதோ தள்ளுபடி என்று நினைத்து யூபிஐயில் பணம் கட்டுகிறாள். கேம் அவளுடைய அக்கவுண்டில் ஏறுகிறது. டவுன்லோடு ஆனதும் விடியும்வரை விளையாடுகிறாள். மறுநாள் மாலை திறந்தால் கேம் இல்லை. 29 ரூபாய் 99 காசு திரும்ப வந்திருக்கிறது. கூடவே ஒரு மின்னஞ்சல்: விலைப் பிழை, வருந்துகிறோம்.

இதையே தெருமுனை மளிகைக் கடையில் நடத்திப் பார்ப்போம். 299 ரூபாய் எண்ணெய்ப் பாக்கெட்டை அண்ணாச்சி அவசரத்தில் 29 ரூபாய் என்று கணக்குப் போட்டுவிட்டார். கல்லாவிலேயே கண்டுபிடித்தால், "அம்மா, தப்பா சொல்லிட்டேன்" என்பார். நாமும் மீதிக் காசைக் கொடுப்போம், அல்லது பாக்கெட்டை வைத்துவிட்டு வருவோம். வீட்டுக்குப் போய் எண்ணெயைச் சட்டியில் ஊற்றிய பிறகு தெரிந்தால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது சொல்வார். கொடுப்பதும் கொடுக்காததும் நம் யோக்கியதை. கொடுக்காவிட்டால் அவர் திட்டலாம், கடன் தர மறுக்கலாம், வழக்கே போடலாம். நாம் தூங்கும்போது அடுக்களைக்குள் வந்து பாக்கெட்டை எடுத்துப் போக முடியாது.

அண்ணாச்சிக்கும் ஆன்லைன் கடைக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒன்றுதான். விலைப் பிழை பற்றிய பழைய சட்டங்கள் எல்லாமே, கைமாறிய பொருளைத் திரும்பப் பெற வேண்டுமானால் மூன்றாவது ஆளிடம் போயாக வேண்டும் என்ற உலகத்தில் உருவானவை. ஆன்லைன் கேம் கடைக்கு அந்த மூன்றாவது ஆள் தேவையில்லை. பிழை நடந்ததா என்று முடிவுசெய்வதும் அதுவே, ஜப்தி செய்வதும் அதுவே.

விலை எங்கே பிழைக்கிறது?

புள்ளி இடம் மாறுவது எளிதான பிழை. கேம் வியாபாரத்துக்கே உரிய பிழைகள் வேறு சில உண்டு.

ஒரே கேமை ஒரே நாளில் உலகம் முழுக்க விற்கிறார்கள். நாட்டுக்கு நாடு விலை வேறு. உலகின் மிகப் பெரிய கணினி கேம் கடையான ஸ்டீம் 2015 நவம்பரில் இந்திய ரூபாயில் விலை போடத் தொடங்கியது. கேமை வெளியிடும் நிறுவனம் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனியாக எண் கொடுக்க வேண்டும். டாலருக்கான எண்ணை ரூபாய்க் கட்டத்தில் போட்டுவிட்டால் 60 டாலர் கேம் 60 ரூபாய் ஆகிவிடும். நாட்டுக்கு நாடு வேறுபடும் விலையே இன்னொரு தலைவலியையும் கொண்டுவந்தது. விபிஎன் வழியாக அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் இருப்பதுபோலக் காட்டி மலிவாக வாங்கியவர்கள் பெருகினார்கள். உள்ளூர் நாணயங்களின் மதிப்பும் நிலையில்லாமல் ஆடியது. 2023 நவம்பரில் ஸ்டீம் அந்த இரு நாடுகளிலும் உள்ளூர் நாணயத்தைக் கைவிட்டு டாலருக்கு மாறியது. சிலர் செய்த தந்திரத்துக்கு அந்நாட்டு மக்கள் எல்லோரும் விலை கொடுத்தார்கள்.

அடுத்தது, தள்ளுபடி மேல் தள்ளுபடி. பண்டிகைத் தள்ளுபடி, தொகுப்புத் தள்ளுபடி, கூப்பன் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று விலக்காமல் சேர்ந்து விழுந்தால் விலை பூஜ்யத்தை நெருங்கும். இதில் எண்கள் எதுவும் தவறில்லை, கணக்கின் வழிதான் தவறு. மூன்றாவது, விலையைத் தானாக மாற்றும் மென்பொருள். 2014 டிசம்பர் 12ஆம் தேதி மாலை, பிரிட்டனின் அமேசான் தளத்தில் வியாபாரம் செய்த சிறு விற்பனையாளர்கள் பலர் பயன்படுத்திய ரீப்ரைசர் எக்ஸ்பிரஸ் என்ற மென்பொருள் தடுமாறியது. சுமார் ஒரு மணி நேரம் அவர்கள் சரக்கெல்லாம் ஒரு பென்னிக்குப் போனது. அடி விழுந்தது குடும்பமாகக் கடை நடத்தியவர்களுக்கு.

பிழையால் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 66 டாலருக்கு ஒரு பிரிண்டர் போனால் ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள இரும்பும் பிளாஸ்டிக்கும் கடையை விட்டுப் போகின்றன. கேமின் ஒரு பிரதி போனால் கிடங்கில் எதுவும் குறைவதில்லை. ஸ்டீம் போன்ற கடை, வெளியீட்டாளருக்காக விற்றுக் கொடுத்து வழக்கமாக 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. அங்கே பிழை என்றால், வந்திருக்கக்கூடிய வருமானம் வரவில்லை என்பதுதான் பெரும்பாலும் நட்டம். ஆனால் வெளியீட்டாளரிடமிருந்து கீ எனப்படும் எண் குறியீடுகளை முன்பணம் கொடுத்து மொத்தமாக வாங்கி விற்கும் சிறு கடைக்கு ஒவ்வொரு கீயும் காசு. 29.99க்குப் போன ஆயிரம் கீ அந்தக் கடையையே மூடவைக்கலாம். பிழை செய்த கடைகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எடுத்தவர்கள், திருப்பித் தந்தவர்கள்

டிஜிட்டல் பொருளை வாங்கியவர் கையிலிருந்து உருவிய நிகழ்வுகளில் பெயர்பெற்றது 2009 ஜூலையில் நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘அனிமல் ஃபார்ம்’ ஆகிய நூல்களை, அமெரிக்காவில் விற்கும் உரிமை இல்லாத ஒருவர் அமேசானின் கிண்டில் கடையில் ஏற்றிவிட்டார். விஷயம் தெரிந்ததும் அமேசான், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே நூல்களை அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மக்களைக் கண்காணித்து ஆவணங்களை அழிக்கும் அரசைப் பற்றிய நாவலே அழிந்துபோனது உலகம் முழுக்கச் செய்தியானது. அமேசானின் நிறுவனர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். புத்தகத்தோடு தான் எழுதிவைத்த பாடக்குறிப்புகள் பயனற்றுப்போனதாக ஒரு பள்ளி மாணவர் வழக்குத் தொடர்ந்தார். நிறுவனம் 1,50,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

அந்தக் குறிப்புகளை மறக்கக் கூடாது. விலையைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று கடைகள் சொல்லும்போது விட்டுப்போவது இதுதான். கேமில் சேமித்த ஆட்டம், கடந்த நிலைகள், நண்பர்களோடு சேர்ந்து கட்டியது ஆகிய எல்லாம் வாங்கியவரின் உழைப்பு. 29.99 ரூபாயில் அவை திரும்புவதில்லை.

2015 ஜனவரியில் பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட், ‘ஃபார் க்ரை 4’ உள்ளிட்ட கேம்களைப் பலருடைய அக்கவுண்டுகளிலிருந்து நீக்கியது. இன்னொரு நிறுவனத்தின் கடையில் திருட்டுக் கிரெடிட் கார்டு மூலம் வாங்கப்பட்ட கீகள் கைமாறி, கின்குவின் போன்ற இடைச்சந்தைகளில் விற்கப்பட்டிருந்தன என்பது காரணம். திருட்டுச் சரக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் வாங்கியவருக்கு அது தெரியாது. எதிர்ப்பு வலுத்ததும், ஏற்கெனவே ஆக்டிவேட் செய்து விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் கேமை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. கைக்கு வந்ததும் வராததும் வேறு வேறு என்று நிறுவனமே அன்று கோடு போட்டது.

அதே நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய கேமின் சர்வரை நிறுத்தி, பின்னர் வாங்கியவர்களின் அக்கவுண்டுகளிலிருந்து அதன் உரிமத்தையும் நீக்கியது. விலைப் பிழை இல்லை, திருட்டு இல்லை. முழு விலை கொடுத்து வாங்கிய கேம். இதிலிருந்து எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களைவிடப் பரிச்சயமானது பப்ஜி. 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தபோது பப்ஜி மொபைலும் அதில் போனது. அக்டோபர் 30 அன்று இந்தியப் பயனர்களுக்கான சேவை முழுதாக நின்றது. காசு கொடுத்து வாங்கிய யூசி என்ற கேம் நாணயம், ஆயுதங்களுக்கான ஸ்கின் அலங்காரங்கள், உடைகள் எல்லாம் அத்தோடு எட்டாமல் போயின. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் கேம் திரும்பி வந்தபோது, பழைய அக்கவுண்டின் உடைமைகளைக் குறித்த காலத்துக்குள் மாற்றிக்கொள்ள வழி தந்தார்கள். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு கேம் தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐயும் செயலிக் கடைகளிலிருந்து காணாமல்போய் 2023 மே மாதத்தில் திரும்பியது. முடிவை எடுத்தது அரசு. கடையைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வாங்கியது எதுவும் தன்னிடம் இல்லை, எங்கோ இருக்கும் சர்வரில்தான் இருக்கிறது என்ற பாடத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

1872இன் சட்டமும் நம் காலத்துக் கேள்வியும்

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டினது. அதன் 20ஆம் பிரிவுப்படி, முக்கியமான ஓர் உண்மையைப் பற்றி இரு தரப்பும் தவறாக நினைத்திருந்தால் ஒப்பந்தம் செல்லாது. 22ஆம் பிரிவுப்படி, ஒரு தரப்பு மட்டும் தவறு செய்தது என்பதாலேயே ஒப்பந்தத்தை உடைக்க முடியாது. விலைப் பிழை பெரும்பாலும் ஒரு தரப்பின் தவறுதான். அப்படியானால் கடை மாட்டிக்கொண்டது என்று தோன்றும்.

கடைக்கு ஒரு பழைய கேடயம் உண்டு. விலை போட்டு வைப்பது விற்கச் சம்மதம் ஆகாது, வாங்க வரும்படி அழைப்பதுதான் என்பது அது. 1951இல் உச்ச நீதிமன்றம், குடகில் இருந்த ஒரு பங்களாவுக்கான மெக்பர்சன்–அப்பண்ணா வழக்கில், குறைந்தபட்ச விலை இது என்று தெரிவிப்பது மட்டும் விற்பனைக்கான முன்மொழிவு ஆகாது என்றது. அதன்படி, வாங்குபவர் ஆர்டர் போடுவதுதான் முன்மொழிவு; கடை ஏற்றால்தான் ஒப்பந்தம். இதனால்தான் பல ஆன்லைன் கடைகள், ஆர்டர் உறுதி மின்னஞ்சல் ஏற்பு ஆகாது, சரக்கை அனுப்பும்போதே ஏற்பு என்று விதிமுறைகளில் எழுதிவைக்கின்றன. லேப்டாப்புக்கு இது பொருந்தலாம். கேமுக்கு இந்த விதியைப் பொருத்தினால் கடைக்கே வினையாகிறது. அக்கவுண்டில் ஏறிய நொடியே சரக்கு அனுப்பியாகிவிட்டது. கடையின் சொந்த விதிப்படியே ஒப்பந்தம் முடிந்துவிட்டது.

சிங்கப்பூரின் இன்னொரு தீர்ப்பு இங்கே உதவும். 2017 ஏப்ரல் 19 அன்று குவாயின் என்ற மெய்நிகர் நாணயச் சந்தையில் ஏற்பட்ட கோளாறால், சந்தை மதிப்பைவிடச் சுமார் 250 மடங்கு விலைக்குச் சில பரிமாற்றங்கள் நடந்தன. மறுநாள் குவாயின் தானாகவே அவற்றை மாற்றியமைத்தது. ஆதாயம் பெற்றிருந்த பி2சி2 நிறுவனம் வழக்குப் போட்டது. நிறைவேறிய பரிமாற்றத்தை மாற்ற முடியாது என்று குவாயினின் விதிமுறையே சொல்லியிருந்ததால், அது ஒப்பந்தத்தை மீறியது என்று 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. இங்கே இருபுறமும் கணினிகள் தாமாகவே வியாபாரம் செய்தன. மென்பொருளை எழுதியவருக்கு அதை எழுதும்போது என்ன தெரிந்திருந்தது என்பதைத்தான் நீதிமன்றம் பார்த்தது. தவறு என்று தெரிந்தே வலை விரித்ததாக நிரூபணமாகவில்லை.

பிரிண்டர் வழக்கையும் இதையும் அடுத்தடுத்து வைத்தால் ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. தவறு என்று தெரிந்தே வாங்கியவரிடம் கடை பேரத்தை முறிக்கலாம். அது தெரியாதவரிடம், முடிந்துபோன வியாபாரத்தைக் கடை தன்னிச்சையாகத் திருப்ப முடியாது. நம் சட்டத்திலும் இதற்கு இணையான ஓர் இடம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, மறுவிற்பனைக்காக வாங்குபவரை நுகர்வோர் என்றே ஏற்பதில்லை. அந்த ஆறு நண்பர்கள் சென்னையில் இருந்து வழக்குப் போட்டிருந்தால் நுகர்வோர் ஆணையத்தின் வாசலிலேயே திரும்பியிருப்பார்கள். பருத்திப்பட்டு மாணவி உள்ளே போகலாம்.

போனால் அவள் கையில் என்ன இருக்கும்? அந்தச் சட்டம் மின்வணிகத்தை வரையறுக்கும்போதே டிஜிட்டல் பொருட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், இந்தியாவில் அலுவலகம் இல்லாவிட்டாலும் இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுக் கடைகளையும் கட்டுப்படுத்தும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடை தன்னிச்சையாக ரத்து செய்யும்போது தானும் அதே கட்டணத்தை ஏற்காவிட்டால், ரத்து செய்யும் நுகர்வோரிடம் கட்டணம் வாங்க முடியாது. இந்த விதியில் ஒரு நல்ல எண்ணம் ஒளிந்திருக்கிறது: பின்வாங்கும் உரிமையும் அதன் செலவும் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது.

கேம் கடைகளில் அந்தச் சமன் எங்கே? ஸ்டீமில் வாங்கியவர் மனம் மாறினால் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும் என்பது பொதுவிதி. 2015 ஜூனில்தான் அதுவும் வந்தது. அதற்கு முந்தைய காலத்தில் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்று சொல்லிவந்ததற்காக ஆஸ்திரேலியாவில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு 2016இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. வாங்குபவரின் தவறுக்கு இரண்டு மணி நேரம் என்று கடிகாரம் வைத்திருக்கிறார்கள். கடையின் தவறுக்கும் ஒரு கடிகாரம் வேண்டாமா?

பொருளா, உரிமமா?

இந்தக் கேள்விக்குக் கடைகளின் ஆயத்த பதில்: நாங்கள் எதையும் விற்கவில்லை, பயன்படுத்த உரிமம்தான் தருகிறோம். ஸ்டீமின் ஒப்பந்தம் வாடிக்கையாளரை வாங்குபவர் என்றே அழைப்பதில்லை, சந்தாதாரர் என்கிறது. விற்காத பொருளைத் திரும்ப எடுத்தோம் என்று எப்படிச் சொல்வீர்கள் என்பது வாதம்.

நம் நீதிமன்றங்களில் இந்த வாதம் பல வேடங்களில் வந்துபோயிருக்கிறது. 2004இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில், கடையில் கிடைக்கும் ஆயத்த மென்பொருள் சரக்குதான், விற்பனை வரி உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 2010இல் மென்பொருள் விற்பனையாளர் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், மென்பொருள் சரக்கானாலும் அதைக் கைமாற்றுவது எப்போதும் விற்பனை ஆகிவிடாது, உரிம ஒப்பந்தத்தின் விதிகளைப் பொறுத்தது என்றது. 2021 மார்ச்சில் இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து மென்பொருள் வாங்க இந்தியர்கள் கட்டும் பணம் பதிப்புரிமைக்கான ராயல்டி ஆகாது, சரக்கை வாங்கிய விலைதான் என்று வருமான வரிச் சட்டத்தின்கீழ் தீர்ப்பளித்தது. ஜிஎஸ்டியிலோ வெளிநாட்டிலிருந்து இணையம் வழியே வரும் டிஜிட்டல் உள்ளடக்கம் சேவை.

ராயல்டி வரி கேட்டபோது நிறுவனங்கள் "நாங்கள் விற்றது சரக்கு" என்று வாதாடி ஜெயித்தன. அதே துறை, பருத்திப்பட்டு மாணவி கேட்கும்போது "நாங்கள் தந்தது உரிமம்" என்கிறது. வரிச் சட்டத்தின் வரையறை நுகர்வோர் சட்டத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் ஒரே வியாபாரத்துக்கு வசதிக்கேற்ப இரண்டு பெயர் வைப்பதை நுகர்வோர் ஆணையத்தின் முன் சுட்டிக்காட்டலாம்.

கலிஃபோர்னியா 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்நேரமும் பறிக்கத்தக்க உரிமத்தை விற்பவர், அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு முன்பே ஸ்டீம், பணம் கட்டும் பக்கத்தில், நீங்கள் வாங்குவது உரிமம் என்ற ஒரு வரியைச் சேர்த்தது. போட்டிக் கடையான ஜிஓஜி, தன்னிடம் வாங்கும் கேமின் நிறுவுகோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் எவராலும் பறிக்க முடியாது என்று விளம்பரம் செய்தது. உண்மையைச் சொல்ல வைத்தது நல்லதுதான். ஆனால் பறிப்போம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் பறிப்பது நியாயமாகிவிடாது.

இரண்டு ரயில்கள்

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் கலிஃபோர்னியாவைவிட ஒரு படி முன்னால் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46)ஆம் பிரிவு நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று பட்டியலிடுகிறது. தகுந்த காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அனுமதிக்கும் விதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட விதியைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரமும் உண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் பயோனீர் அர்பன் வழக்கில், கட்டுநர் எழுதிய ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் வீடு வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி வீடு வாங்கியவர்களுக்கு அந்த ஒப்பந்தங்களின் சுவை தெரியும்: நாம் தவணை தாமதித்தால் வட்டி, அவர்கள் சாவி தாமதித்தால் சமாதானம். கேம் கடையின் ‘ஐ அக்ரீ’ பொத்தானும் அதே குடும்பம்தான்.

சிக்கல், எந்தக் கதவைத் தட்டுவது என்பதில். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்று புகார் செய்தால் மாவட்ட ஆணையம் போதும். தான் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வாங்குதலுக்குக் கட்டணமும் இல்லை. ஆவடி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. எனவே மாணவி ஆவடி நிலையத்தில் அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறித் திருவள்ளூரில் இறங்க வேண்டும். ஆனால் கடையின் அந்த விதியே நியாயமற்றது, செல்லாது என்று அறிவிக்கக் கோரினால் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரமில்லை. மாநில ஆணையத்துக்குத்தான் உண்டு. அதே நிலையத்தில் எதிர்ப்பக்க நடைமேடைக்கு வந்து சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும். இப்போது இணையவழியிலும் மனுப் போடலாம் என்பதால் ரயிலேறாமலே முடிக்கலாம். ஆனால் பாதைகள் இரண்டும் இரண்டுதான். 29.99 ரூபாய்க்கு யார் மாநில ஆணையம் வரை போவார்கள்? போகமாட்டார்கள் என்பது கடைக்கும் தெரியும். அந்த விதிகள் உயிரோடு இருப்பதே இந்தச் சிறுதொகையின் நிழலில்தான்.

சிறுதொகைப் பிழைகள் பலருக்கு ஒரே நேரத்தில் நடப்பவை. எனவே தனி வழக்கைவிட, 2020 ஜூலையில் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானே முன்வந்து பார்க்க வேண்டிய விவகாரம் இது. பலருடைய உரிமை ஒன்றாகப் பாதிக்கப்படும்போது விசாரித்து உத்தரவிடுவதுதான் அதன் வேலை. 2023 நவம்பரில் இருண்ட வடிவமைப்புகள் என்று 13 வகை ஏமாற்றுகளை அது பட்டியலிட்டது. ஒன்றைக் காட்டி இழுத்து வேறொன்றைத் தலையில் கட்டும் தூண்டில் வித்தையும் அதில் உண்டு. விலைப் பிழை என்ற பெயரில் கூட்டம் சேர்த்துவிட்டுப் பின்வாங்குவது தூண்டிலா, உண்மைப் பிழையா என்பது வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. பிழை எப்போது நுழைந்தது, எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேரிடம் திரும்ப எடுத்தார்கள் என்ற கணக்கைக் கடை ஆணையத்திடம் தர வேண்டும் என்று ஒரு விதி வந்தால் போதும்; இரண்டும் பிரிந்துவிடும்.

கடைகளை வதைக்கச் சொல்லவில்லை. கேம் இன்னும் ஆக்டிவேட் ஆகாத நிலையில் பிழை தெரிந்தால், உடனே சொல்லிப் பணத்தைத் தந்து ரத்து செய்யட்டும். அண்ணாச்சி கல்லாவில் சொல்வதைப்போல. ஆக்டிவேட் ஆனபின், வாங்கியவருக்கு இரண்டு மணி நேரம் என்றால் கடைக்கும் அதுபோல் ஒரு குறுகிய கெடு இருக்கட்டும். கெடு தாண்டிவிட்டால், இவர் தெரிந்தே அள்ளினார் என்று ஆணையத்தில் நிரூபித்த பிறகே திரும்ப எடுக்க வேண்டும். நூறு கீ வாங்கி விற்றவர் விஷயத்தில் அது எளிது. ஒன்று வாங்கி விளையாடியவர் விஷயத்தில் எளிதல்ல. எளிதாக இருக்கவும் கூடாது.

பருத்திப்பட்டு மாணவிக்கு வருவோம். 2,999 ரூபாய் கேம் 29.99க்குக் கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கலாம். பண்டிகைக் காலத் தள்ளுபடிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வராமலும் இருந்திருக்கலாம். அவள் மனத்தில் அன்றிரவு என்ன இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் ஆணையங்கள் இருக்கின்றன. மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கேமை எடுத்துக்கொண்ட கடை அந்தக் கேள்வியை அவளிடம் கேட்கவே இல்லை. அவள் முதலில் செய்ய வேண்டியது, அந்த மின்னஞ்சலையும் பணம் கட்டிய ரசீதையும் திரைப்பிடிப்பாக எடுத்துவைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பது. வழக்குப் போட இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.